எட்டு கிலோ குறைந்த பிறகு படியேற முடியாமல் போனவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சிக்கு அருகே ஒரு சிறிய கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் சில நாட்கள் ஒரு பிசியோதெரபிஸ்டும் அங்கே வருவார். நாங்கள் இருவரும் சேர்ந்து எட்டு மாதம் கவனித்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். எடை குறைப்பதில் நம் வீடுகளில் எது தவறிப்போகிறது என்பது இவர் விஷயத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் முழுதாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவருக்கு 48 வயது. அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், மாமியார். சமையல் முழுக்க இவர் பொறுப்பு. உயரம் 154 செ.மீ. அந்த ஆண்டு பிப்ரவரியில் எடை 74 கிலோ. அப்போது ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பயம் இவருக்குள் நெடுநாளாக இருந்தது. அன்று இரவே சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்.

யாரிடமும் கேட்கவில்லை. தானாக ஒரு முறையை வகுத்துக்கொண்டார். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சாதம், சாம்பார், பொரியல். இரவில் வெள்ளரிக்காயும் மோரும் மட்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நடை. நான்கு மாதத்தில் 8 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஜூன் மாதத்தில் எடை 66 கிலோவில் நின்றுவிட்டது. சாதத்தை இன்னும் குறைத்தார், எடை அசையவில்லை. அப்புறம்தான் மற்ற தொந்தரவுகள் தலைகாட்டின. முதல் மாடி வகுப்பறைக்கு ஏறும்போது பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. காலையில் குதிகால் வலி. முன்பு பாராட்டியவர்களே இப்போது, “என்ன டீச்சர், இப்படி வாடிப் போயிட்டீங்க, சுகரா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விதான் அவரை மருத்துவரிடம் போகவைத்தது. மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, எங்களிடமும் அனுப்பினார்.

முதல் சந்திப்பில் கண்டது

ஜூலை இரண்டாம் வாரம் வந்தார். எடை 66.2 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 28. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. இடுப்புச் சுற்றளவு 93 செ.மீ. நம் பெண்களுக்கு அது 80-க்குள் இருப்பது நல்லது. கையும் தொடையும் மெலிந்திருந்தன, வயிறு பெரிதாகக் கரையவில்லை. 8 கிலோ எங்கிருந்து போயிருக்கும் என்ற சந்தேகம் அங்கேதான் எழுந்தது.

பிசியோதெரபிஸ்ட் இரண்டு எளிய சோதனைகள் செய்தார். ஒன்று கைப்பிடி வலு. கருவியை அழுத்தியபோது 16 கிலோ காட்டியது. இன்னொன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது. அதற்கு 15 நொடி ஆனது. தசைக் குறைவு பற்றி 2019-இல் ஆசிய நிபுணர் குழு வகுத்த அளவுகோலின்படி, பெண்களுக்குக் கைப்பிடி 18 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, ஐந்து முறை எழ 12 நொடிக்கு மேல் ஆனாலோ கவனிக்க வேண்டும். அது முதியவர்களை மனதில் வைத்து வகுத்தது. 48 வயதில் ஒருவர் இரண்டிலுமே தவறுகிறார் என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. ஃபெரிடின் மிகக் குறைவு, அதாவது இரும்புச் சத்து குறைவால் வந்த ரத்தசோகை. வைட்டமின் டி-யும் குறைவு, 14. தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.1. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகையில் எச்.பி.ஏ1சி சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்தார்.

மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை, கேட்ட பிறகுதான் சொன்னார். அதற்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்பினோம். கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி ஒன்று இருந்தது. மாத்திரையோடு கவனித்தால் போதும் என்றார் அவர். கர்ப்பப்பை இறக்கம் இல்லை என்றும் எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரி பின்னால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

தட்டில் இருந்தது

மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிவரச் சொன்னேன். ஆசிரியை என்பதால் அளவு உட்படத் துல்லியமாக எழுதி வந்தார். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 800 கலோரி வாக்கில் வந்தது. புரதம் 22 கிராமைத் தாண்டவில்லை. இரண்டு இட்லியில் 4 கிராம், சாதத்தில் 4, தண்ணீர் போன்ற சாம்பாரில் 4, இரண்டு டீயில் இருக்கும் பாலில் 4, மோரிலும் காயிலும் மீதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம். 66 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம் வருகிறது. எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காக்க இன்னும் கூடுதலாகவே வேண்டும். இவர் சாப்பிட்டது பாதியைக்கூட எட்டவில்லை.

வீட்டில் முட்டை வாங்குவீர்களா என்று கேட்டேன். வாங்குவார்கள். மகனுக்குக் காலையில் இரண்டு, கணவருக்கு ஒன்று. “எனக்குன்னு தனியா வேக வைக்கணும்னு தோணலை, மேடம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. நடுத்துண்டுகள் கணவருக்கும் மகனுக்கும், வாலும் தலையும் இவருக்கு. கறி எடுத்தாலும் கடைசியில் குழம்பில் மிஞ்சும் எலும்புதான் இவர் பங்கு. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார். அரிசியும் மாவும் எல்லோருக்கும் ஒரே அளவாக வரும். புரதம் மட்டும் வீட்டில் ஆண்கள் பக்கமே போய்ச் சேரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை குறைக்க வரும் பெண்ணுக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுப்பதற்கு முன், அந்த வீட்டில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

பள்ளியில் மதிய உணவை மேற்பார்வையிடுவதும் அவர் வேலைகளில் ஒன்று. சத்துணவில் வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. எந்தப் பிள்ளை முட்டையை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்துக் கூப்பிட்டுச் சாப்பிட வைப்பவர் இவர்.

என்ன நடந்திருக்கும்

சாப்பாடு திடீரென்று பாதியாகும்போது உடல் கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை. தசையையும் எடுக்கிறது. பளு எதுவும் தூக்காமல் எடை குறைத்தால், குறைந்ததில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்பு அல்லாத திசுவாக இருப்பது சகஜம். வேகமாகக் குறைத்தால், புரதமும் போதாவிட்டால், அந்தப் பங்கு கூடும். அதோடு முதல் இரண்டு வாரத்தில் குறைவதில் நல்ல பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தன்னோடு மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது எடை மளமளவென்று இறங்கும்.

நடை நல்லது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் தொடைத் தசைக்கும் கைக்கும் முதுகுக்கும், நீ இங்கே தேவைப்படுகிறாய் என்று சொல்ல அது போதாது. தினம் இரண்டு மணி நேரம் நடந்தும் இவரால் தரையிலிருந்து எழ முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அவரிடம் நான் முக்கியமாக விளக்கியது வேறொன்று. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை, இன்சுலினின் உதவியோடு வாங்கிக்கொள்வது தசைதான். சர்க்கரை நோய்க்குப் பயந்து தசையை இழந்தால், அந்தச் சர்க்கரை போய்ச் சேர வேண்டிய இடமே சுருங்குகிறது. இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதுவரை எங்களிடம் வந்ததே எடையை இன்னும் 6 கிலோ குறைக்கத்தான். அதன் பிறகு கேள்விகள் மாறின.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, ஒரு மாதத்துக்கு எடை குறைப்பை நிறுத்துவது. இவருடைய எடை, உயரம், வயதுக்கு, சும்மா படுத்திருந்தாலே உடலுக்குச் சுமார் 1,200 கலோரி வேண்டும். பள்ளி வேலை, வீட்டு வேலை, நடை எல்லாம் சேர்த்தால் 1,700 வரும். 800-இல் இருந்தவரை 1,500-க்குக் கொண்டுவர முடிவு செய்தோம். கணக்குப்படி இதுவும் சற்றுக் குறைவுதான். ஆனால் அவரை அதற்கு மேல் சாப்பிட வைப்பது நடக்காது என்று தெரிந்தது. ஒரு மாதம் கழித்து 1,400. அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, புரதம். நாளுக்கு 70 முதல் 75 கிராம். சிறுநீரகம் சரியாக இருப்பதை ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகுதான் இந்த அளவு வைத்தோம். மொத்த அளவோடு, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாவது வர வேண்டும் என்பதும் முக்கியம். புரதப் பவுடர் வேண்டுமா என்று அவரே கேட்டார். தவறில்லை, ஆனால் மாதச் செலவு கூடும், வீட்டுச் சாப்பாட்டிலேயே முடியும் என்றேன்.

அப்படி அமைந்த ஒரு நாள் இது. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு வேகவைத்த முட்டை. மதியம் ஒரு கிண்ணம் சாதம், கெட்டியாகக் கடைந்த பருப்பு, ஒரு காய், தயிர். வாரத்தில் மூன்று நாள் மீனோ கோழியோ, அதுவும் நடுத்துண்டு. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல். இரவில் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்த தோசை இரண்டு, தயிர். படுக்கப் போகுமுன் ஒரு தம்ளர் பால். டீயில் சர்க்கரை கிடையாது. எண்ணெயை மட்டும் கரண்டியால் அளக்கச் சொன்னேன். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி, தாளிக்கும்போது கையளவாக ஊற்றினால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. மற்றபடி எடைபோட்டுச் சாப்பிடச் சொல்லவில்லை. நான்கு பேருக்குச் சமைக்கும் பெண்ணுக்குத் தராசு இன்னொரு சுமை.

அந்தப் பாசிப்பயறு தோசைதான் இந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தது என்று சொல்வேன். இரவில் தோசை சுடும் வீடு அது. வெள்ளரிக்காயை மட்டும் வைத்துக்கொண்டு இவர் தனியாக உட்கார்ந்திருந்த இடத்தில், எல்லோரோடும் சேர்ந்து தோசை சாப்பிட முடிந்தது. 60 கிராம் பயறில் 14 கிராம் புரதம். பழைய இரவுச் சாப்பாட்டில் இருந்ததைப்போல ஏழு மடங்கு.

மூன்றாவது, நடையைக் குறைப்பது. இரண்டு மணி நேரத்தை 40 நிமிடமாக்கினோம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 40 நிமிட நடையிலேயே முதல் பாதி தாராளமாக நிறைவேறிவிடும். மிச்சமாகும் நேரத்தைப் பளுப் பயிற்சிக்குக் கொடுக்கலாம், குதிகாலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நான்காவது, பளு. வாரத்துக்கு மூன்று நாள். இதில்தான் சிக்கினோம்.

பளு தூக்க மறுத்தது

முதல் சந்திப்பில் சரி என்று தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோது உணவு மாறியிருந்தது, பயிற்சி எதுவும் செய்யவில்லை. நேரமில்லை என்றார். அதற்கடுத்த முறையும் அதே பதில். பிசியோதெரபிஸ்டும் பெண் என்பதால் தனியாக உட்கார்ந்து பேசினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மகன் பிறந்த பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். கனம் எதுவும் தூக்கக் கூடாது என்று அப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று அவருக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னது மனதில் நிற்கவில்லை. அன்றிலிருந்து இருபது ஆண்டுக்கும் மேலாக அதைக் கடைப்பிடிக்கிறார். தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார்.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மிகப் பரவலானது. ஆபரேஷன் காயம் ஆறும்வரை சில வாரங்கள் கவனமாக இருக்கச் சொல்வது சரியான அறிவுரைதான். அதை ஆயுள் முழுக்க நீட்டிக்கொள்ளும் பெண்களை எண்ணி மாளாது. நாற்பதுகளில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது தசையும் எலும்பும் வேகமாகத் தேய ஆரம்பிக்கும். சரியாக அந்தக் காலத்தில்தான் அவர்களுக்குப் பளு மிகவும் தேவை.

பிசியோதெரபிஸ்ட் அவரிடம் வாதாடவில்லை. மகளிர் மருத்துவர் எழுதிக்கொடுத்த வரியை எடுத்துக் காட்டினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: “டீச்சர், வீட்டுக்குக் குழாய் வர்றதுக்கு முன்னாடி தண்ணி யாரு கொண்டு வந்தது?” இவர்தான். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம், ஆபரேஷனுக்குப் பிறகும் பல ஆண்டு. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ வரும். “அதெல்லாம் வேலை, மேடம். வேலையை யாரு கணக்குல எடுக்கறா?” என்றார். ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்தார்.

மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது, எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடிவயிற்றில் இறங்குவதுபோல் அழுத்தம் தெரிந்தால் உடனே நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் முதல் நாளிலேயே பழக்கினார். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் சேர்த்தார்.

ஆரம்பம் மிக எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ஒரு படியில் ஏறி இறங்குவது, 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து இடுப்புவரை எடுப்பது, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துவது. பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த வாரம் கனத்தைக் கூட்டுவது. கூட்டிக்கொண்டே போவதுதான் இதில் உயிர். ஒரே கனத்தில் வருடக் கணக்கில் செய்தால் பழக்கமாக நிற்கும், தசை வளராது.

இரும்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது என்பதை நான் சேர்த்தேன். காலை டீயோடு மாத்திரை போடும் பழக்கத்தால் பலருக்கு அது பாதிகூட வேலை செய்வதில்லை.

நடந்தது

மூன்றாவது வாரத்தில் எடை 67.5-க்கு ஏறியது. எதிர்பார்த்ததுதான். சாப்பாடு கூடியதும் தசையில் கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பச் சேரும். இது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் அவர் கலங்கிவிட்டார். ஐந்து மாத உழைப்பு வீணாகப் போகிறது என்று போனில் அழுதார். மறுநாள் கிளினிக்குக்கு வரச்சொல்லி இடுப்பை அளந்தோம். 93-தான், ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. நாற்காலிச் சோதனை 13 நொடிக்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டு எண்ணையும் அவர் நோட்டில் எழுதவைத்தேன். அதிலிருந்து வீட்டுத் தராசில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் மாதம் சுண்டலால் வயிறு உப்பியது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயம் போட்டு நன்றாக வேகவைக்கச் சொன்னோம். கொஞ்ச நாள் அரைக் கிண்ணம். பிறகு சரியாகிவிட்டது. முழங்காலில் லேசான வலி வந்தது. நாற்காலிக்கு மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, மெல்ல மெல்ல இறக்கினார் பிசியோதெரபிஸ்ட்.

புரட்டாசியில் வீடு முழுக்கச் சைவம், முட்டையும் கிடையாது. புரதம் 70-லிருந்து விழுந்துவிடுமோ என்று எங்களுக்குத்தான் கவலை. காலையில் அடை, மதியம் பருப்போடு சோயா உருண்டை, வாரம் இரண்டு நாள் பனீர், பாலும் தயிரும் சற்றுக் கூடுதல் என்று மாற்றினோம். சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். 25 கிராம் போதும், ஊறினால் தட்டு நிறைந்துவிடும். நவராத்திரியும் அந்த மாதமே வந்ததால் ஒன்பது நாளும் சுண்டலுக்குப் பஞ்சமில்லை. 60 கிராமுக்குக் கீழே இறங்காமல் அந்த மாதம் போனது. அது போதுமானதே.

இதற்குள் வீட்டில் ஒரு மாற்றம். எங்கள் வேண்டுகோளின்படி கணவரை ஒருமுறை அழைத்து வந்தார். நாற்காலிச் சோதனையை அவர் எதிரிலேயே செய்துகாட்டினோம். “இவ்வளவு வலு குறைஞ்சிருக்குன்னு இவ சொல்லவே இல்லையே” என்றார் அவர். அதன் பிறகு காலையில் முட்டை வேகவைப்பது மகனின் வேலையானது. எல்லோருக்கும் இரண்டு. மாமியாருக்கும் சேர்த்துத்தான். அவர் வயதுக்கு அது இன்னும் அவசியம்.

நான்காம் மாத முடிவில் எடை 64.9, இடுப்பு 90. அப்போது ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். கஞ்சிதான் சாப்பாடு. மீண்டு வந்தபோது எடை 64-க்கு இறங்கியிருந்தது. நாற்காலிச் சோதனை மட்டும் 11 நொடியிலிருந்து 13-க்கு ஏறிவிட்டது. தராசை மட்டும் பார்ப்பவராக இருந்திருந்தால் இதை லாபம் என்று நினைத்திருப்பார். இந்த முறை அவரே, “இது தசை போன எடை, மேடம்” என்றார். பழைய கனத்தில் பாதியோடு மறுபடி தொடங்கி, ஒரு மாதத்துக்குள் விட்ட இடத்தைப் பிடித்தார். ஒருமுறை பழகிய தசை இரண்டாம் முறை சீக்கிரம் திரும்பிவரும்.

பொங்கல், கல்யாணங்கள் எல்லாம் நடுவில் வந்தன. அந்த நாட்களில் எதையும் கணக்குப் பார்க்க வேண்டாம், மறுநாள் வழக்கத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தோம். அதில் பெரிய சிக்கல் வரவில்லை.

எட்டாம் மாத நிலவரம்

மார்ச் மாதம் எடை 62.1 கிலோ. எங்களிடம் வந்த நாளிலிருந்து பார்த்தால் நான்கு கிலோ குறைவு. எட்டு மாதத்துக்கு நான்கு கிலோவா என்று சிலருக்குத் தோன்றலாம். இடுப்பு 93-லிருந்து 87-க்கு வந்திருந்தது. கைப்பிடி வலு 16-லிருந்து 21 கிலோ. ஐந்து முறை எழுந்து உட்கார 9.5 நொடி. ஹீமோகுளோபின் 12.1. முடி உதிர்வது நின்றிருந்தது. மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறார். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தரையிலிருந்து இடுப்பு உயர மேடைக்கு, முழங்காலை மடக்கி முறையாகத் தூக்கி வைக்கிறார். முன்பு அதற்கு மகன் வரும்வரை காத்திருப்பார்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 112-லிருந்து 101. எச்.பி.ஏ1சி 6.1-லிருந்து 5.8. இதில் ஒரு பகுதி ரத்தசோகை சரியானதாலும் இறங்கியிருக்கலாம். அதனால் முழுப் பெருமையையும் உணவுக்கும் பயிற்சிக்கும் கொடுக்க முடியாது. இரண்டு எண்களும் இயல்பு நிலைக்கு வரவில்லை, இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கின்றன. இடுப்பும் 80-க்கு வரவில்லை. மருந்து தொடங்கத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

உடலில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று காட்டும் டெக்ஸா ஸ்கேன் எங்கள் ஊரில் இல்லை. கால் வைத்து நிற்கும் மின்சாரக் கருவி இருக்கிறது. குடித்த தண்ணீரைப் பொறுத்து அதன் எண் மாறும் என்பதால் அதை நாங்கள் நம்பிப் பதிவு செய்யவில்லை. முதல் நான்கு மாதத்தில் அவர் எத்தனை கிலோ தசையை இழந்தார் என்பதற்கும் அளவு கிடையாது, அதற்கு முன் யாரும் வலுவைச் சோதித்ததில்லை. வலு, இடுப்பு, அன்றாட வேலை, இந்த மூன்றை வைத்துத்தான் எங்கள் முடிவுகள் எல்லாம்.

இப்போது மாற்றிச் செய்வது

இந்த நிகழ்வுக்குப் பிறகு கிளினிக்கில் சில வழக்கங்களை மாற்றியிருக்கிறோம். எடை குறைக்க வரும் எல்லோருக்கும், வயது எதுவானாலும், முதல் நாளே கைப்பிடி வலுவும் நாற்காலிச் சோதனையும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. எடை குறையும்போது இந்த எண்கள் மோசமானால், குறைவதை நிறுத்தி உணவைக் கூட்டுகிறோம்.

பெண்களிடம் முதல் சந்திப்பிலேயே ஆபரேஷன், பிரசவம், மாதவிடாய் பற்றிக் கேட்கிறோம். கனம் தூக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, எப்போது, எதற்காக என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். உண்மையிலேயே இறக்கமோ, குடலிறக்கமோ, கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் பயிற்சியை மருத்துவரோடு பேசி வேறு மாதிரி அமைக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இங்கே சொன்ன உணவை அப்படியே பின்பற்றக் கூடாது. மாத்திரை அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

வீட்டில் சமைப்பவர் யார், கடைசியில் சாப்பிடுபவர் யார் என்ற கேள்வியும் இப்போது படிவத்தில் இருக்கிறது. கடைசியில் சாப்பிடுபவரே எங்களிடம் வந்திருந்தால், இரண்டாவது சந்திப்புக்கு வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிவரச் சொல்கிறோம். ஆசிரியையின் கணவர் மூன்றாம் மாதம்தான் வந்தார். முட்டையும் மீனும் ஒழுங்காக ஆசிரியையின் தட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.